நம் கரையில் ஓராண்டு வாழ்ந்த புனிதர்

2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலை, கொழும்பு காலிமுகத்திடலில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதர் எனப் பிரகடனம் செய்தார். எமது பழைய மாணவிகளில் ஊரில் இருந்தவர்கள் பலர் முதல் நாள் இரவே பஸ் ஏறிச் சென்று திடலில் இடம் பிடித்தார்கள். கடல் கடந்து வாழ்வோர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்கள். இலண்டனில் அது பொழுது விடியாத நேரம், ரொறன்ரோவில் முதல் நாள் இரவு, மெல்பேர்ணில் பிற்பகல். 1995 ஜனவரி 21இல் அதே திடலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது பாடசாலை மாணவிகளாக இருந்தவர்களும் எம்மிடையே உள்ளனர்.

அந்நாட்களில் அவரைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வெளிவந்தன. கூலியாள் வேடத்தில் வந்ததை எல்லாரும் எழுதினார்கள். கண்டியில் மழை பெய்ததை எல்லாரும் எழுதினார்கள். புத்தளத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரிதான்: ஓராண்டு அங்கே பணிபுரிந்தார் என்பது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எமக்கு அந்த ஒரு வரி போதவில்லை. ஆகவே நூற்றாண்டு மலருக்கு ஒரு புனிதரின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தபோது, வேறு பெயரைத் தேடிப் போகவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இம்மலரைக் கையில் எடுப்போரில் பெரும்பாலானோர் நாற்பதைத் தாண்டியவர்கள். பேரப்பிள்ளைகள் கண்டவர்கள் அநேகர். ஆனால் எம்மில் பலருடைய விசுவாசம் முதல் நன்மை வாங்கிய நாளின் வெள்ளைச் சட்டை போலவே பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கிழியவும் இல்லை, எமக்கு அளவாகவும் இல்லை. ஞானோபதேச வகுப்பில் பதினான்கு வயதில் விளங்கியதை வைத்துக்கொண்டே திருமணத்தையும் இடப்பெயர்வையும் நோயையும் மரணத்தையும் சந்திக்கிறோம், பின்பு அது போதவில்லை என்று வருந்துகிறோம். புனித பவுலடிகளார் பால் குடிக்கும் குழந்தைகளையும் திட உணவு உண்ணும் பெரியவர்களையும் பற்றி எழுதியது எம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தானோ என்று தோன்றும். விசுவாசத்தில் ஒருவர் எப்படி முதிர்கிறார்? யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு வாசித்தோம். எம்மோடு படித்த முஸ்லிம், இந்து, பௌத்த தோழியரும் இதைத் தமக்கு அந்நியமானதாகக் கொள்ளார் என நம்புகிறோம்.

அவர் 1651 ஏப்ரல் 21இல் கோவாவில், தாயாரின் ஊராகிய பெனாலிமில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. அந்தணர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம், ஊரில் மதிப்புள்ள குடும்பம். இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் கல்வி கற்று 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் ஒன்று எழுதிக் கைச்சாத்திட்டார். மரியன்னைக்கு அடிமையாகும் பக்தி என்றவுடன் நம்மவர் நினைப்பது பிரான்ஸ் நாட்டுப் புனித மொன்போர்ட்டை. வாஸ் அடிகளார் இதைச் செய்தபோது மொன்போர்ட் நான்கு வயதுக் குழந்தை.

இளங்குருவின் ஆசை இலங்கைக்கு வருவது. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் இன்றி இங்கே கத்தோலிக்கர் படும் பாடு கோவாவில் தெரிந்திருந்தது. போக விரும்புவதாக மேலிடத்துக்குத் தெரிவித்தார். 1681இல் கிடைத்த ஆணையோ கன்னடக் கரைக்குப் போகும்படி. அங்கே கோவாப் பேராயருக்கும் உரோமை நியமித்த பிரதிநிதிக்கும் இடையில் அதிகாரம் யாருடையது என்ற பிணக்கு முற்றியிருந்தது. விசுவாசிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். தாம் கேட்காத ஊரில், தாம் மூட்டாத சண்டைக்கு நடுவில், மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். மங்களூர், குந்தாப்பூர்ப் பக்கங்களில் ஆலயங்களைத் திருத்தினார், பாடசாலைகள் தொடங்கினார். இந்தப் பகுதியைச் சரிதைக்காரர்கள் அவசரமாகக் கடந்து போவார்கள். ஆனால் நினைத்த இடம் கிடைக்காமல் கிடைத்த இடத்தில் வாழ்ந்து முடித்த பெண்கள் எம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த மூன்று ஆண்டுகள் நன்றாக விளங்கும்.

1684இல் கோவாவுக்குத் திரும்பினார். ஐரோப்பியத் துறவற சபைகள் உள்ளூர்க் குருக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே உள்ளூர்க் குருக்கள் சிலர் தாமாக ஒன்றுகூடி வாழ முயன்றுகொண்டிருந்தனர். 1685 செப்டெம்பரில் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். விரைவில் அவரையே தலைவராக்கினார்கள். புனித பிலிப்பு நேரியாரின் முறையைத் தழுவி அந்தச் சிறு குழு ஒரு சபையாக உருப்பெற்றது. பெயரும் மதிப்பும் சேர்ந்துவரும் நேரத்தில் தலைமையை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, 1686இல் யுவான் என்ற பணியாளை மட்டும் கூட்டிக்கொண்டு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். முன்பு கேட்டபோது கிடைக்காதது இப்போது கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வேறு மனிதராகிவிட்டார் என்று நாம் எண்ணுகிறோம். முதலில் வர விரும்பியவர் ஆர்வமுள்ள இளைஞர். 1687இல் வந்து சேர்ந்தவருக்கோ பொறுக்கவும் விடவும் தெரிந்திருந்தது.

அவர் வந்த இலங்கை எப்படி இருந்தது? 1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என அதே ஆண்டில் கட்டளை பிறப்பித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறை முழுவதும், பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் கழிந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சபைக்கு மாறின. பிள்ளைகளை அங்கேதான் பதிய வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் வீடுகளுக்குள் விசுவாசம் அணையவில்லை. குருவும் ஆலயமும் இல்லாத இடத்தில் செபத்தைப் பிள்ளையின் வாயில் ஊட்டியவர் யாராக இருக்க முடியும்? தாய்மாரும் பாட்டிமாரும்தான். அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, கூலியாளைப் போல வெறுங்காலும் அரைத்துணியுமாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். பயணத்தின் கொடுமையால் கடும் வயிற்றோட்டம் கண்டு சாகும் தறுவாயில் கிடந்தார். நோய் தொற்றும் என்று அஞ்சி ஊரார் ஒதுக்கியபோது, ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று வரலாறுகள் கூறும். இந்நாட்டுத் திருச்சபை மறுபடி எழுந்ததற்கு அந்தக் கஞ்சிச் சிரட்டையும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகுமா?

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகிறவர்களை வைத்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். இதைச் சரிதைகள் மாறுவேடம் என்கின்றன. அந்தச் சொல் எமக்கு முழுதாகப் பிடிப்பதில்லை. வேடம் என்றால் கூத்து முடிந்ததும் கழற்றிவைப்பது. இவர் கண்டி அரசனின் மதிப்பைப் பெற்ற பின்பும் ஏழையாகவே நடந்தார், ஏழையாகவே உண்டார். குடும்பத்தின் குலப்பெருமையும் கல்லூரிப் படிப்பும் தந்த உயரத்திலிருந்து இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை.

சில்லாலை என்ற கிராமம் அவருக்கு இருப்பிடமாயிற்று. இரவில் பூசை, இரவில் ஞானஸ்நானம், இரவில் நோயாளர் பூசுதல். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். அடிகளார் அகப்படவில்லை. அவருடைய மக்கள் அகப்பட்டார்கள். 300 பேரளவில் பிடிபட்டனர். முன்னின்ற ஆண்கள் எண்மருக்குக் கசையடியும் கடுந்தண்டனையும் விதிக்கப்பட்டன. கல்வீன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறிவந்த தொன் பேதுரு அடிபட்டே இறந்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தேடப்பட்டவர் தப்பினார், இடம் கொடுத்தவர்கள் தண்டனை பெற்றார்கள். 38 வயது நிறைந்த ஒரு குருவின் மனதில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று நாம் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் காணலாம். தம்மை ஒப்புக்கொடுத்து வீரமரணம் அடைந்திருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். நாடு முழுவதற்கும் குரு இல்லாமலும் போயிருக்கும். கோவாவுக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். இடம் மாறினார், பணியை விடவில்லை. துணிவைவிட இதற்கு அதிக பலம் வேண்டும் என்பது எம் எண்ணம்.

இப்படித்தான் 1690இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஓர் அகதியாக அவர் புத்தளத்துக்கு வந்தார்.

ஏன் புத்தளம்? வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். களப்புக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1676 அளவில் அவர்கள் கட்டி முடித்த கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. களப்பின் வாயில் அமர்ந்து கண்டி அரசின் வணிகத்தைக் கண்காணிக்கவே அந்தக் கோட்டை. களப்பின் இக்கரையிலுள்ள புத்தளமோ கண்டி மன்னனுக்குரிய துறை. அங்கே ஒல்லாந்தக் கட்டளை செல்லாது. ஒரே களப்பின் ஒரு கரையில் குருவுக்கு இடம் கொடுத்தால் மரணம், மறுகரையில் அவர் பகலில் நடமாடலாம். யாழ்ப்பாணத்தில் இரவில் மட்டுமே பூசை செய்து பழகியவர், இங்கே சூரிய வெளிச்சத்தில் பீடத்தின் முன் நின்றார்.

ஓராண்டு இங்கே பெரும் பயனோடு உழைத்தார் என்பதே ஏடுகள் தரும் செய்தி. அற்புதம் எதுவும் எழுதப்படவில்லை. தலவில்லு அன்னம்மாள் திருத்தலம் இன்றுள்ள புகழை அடைந்தது பிற்காலத்தில். சிலாபம் மறைமாவட்டமாக இந்தக் கரை தனித்தன்மை பெற்றது 1939இல். அடிகளார் கண்டது சிதறிக் கிடந்த கிராமங்களையும், நீண்டகாலம் குருவைக் காணாத மக்களையும்தான். அவர்களோடு செபம் சொல்லிக்கொடுத்து, மணம் முடித்துவைத்து, மரித்தோரை அடக்கம் செய்து ஓராண்டைச் செலவிட்டார். கதை சொல்வோர் அவசரப்படுவதில் வியப்பில்லை. சொல்வதற்கு அங்கே நிகழ்ச்சி இல்லை.

எமது ஊர் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். களப்பு நீரைப் பாத்திக்குள் விட்ட பின்பு பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காது. வெயில் அடிக்கும், காற்று வீசும், நீர் கிடக்கும். நாட்கள் போகும். பிறகு ஒரு நாள் ஓரத்தில் வெண்மை படியும். நெல் விளைகிறது என்பது போலவே உப்பு விளைகிறது என்றுதான் நாம் சொல்கிறோம். விதை இல்லாமல், முளை காட்டாமல் விளையும் பொருள் அது. அந்த ஓராண்டில் அடிகளாரிடம் நிகழ்ந்ததும் அப்படியான ஒரு விளைச்சல்தான் என்று நினைக்கிறோம். ஆபத்து தரும் உத்வேகம் நீங்கிய பின், யாரும் தேடாத, யாரும் புகழாத அன்றாட வேலையில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதில் அவருடைய முதிர்ச்சி தெரியும்.

இன்னொன்றையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அடிகளார் வந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் இதே புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களின் வாழ்க்கையையும், நெருக்கடியாகிப்போன வகுப்பறைகளையும் எம்மில் பலர் கண்ணால் கண்டோம். கிணற்றுத் தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் இருப்பவர்க்கும் வந்தவர்க்கும் இடையே உரசல் இல்லாமல் இருந்ததென்று சொல்ல மாட்டோம். ஆயினும் இந்தக் கரை இடம் கொடுத்தது. அகதியாக வந்த ஒரு குருவைத் தாங்கிய கரையில் பிறந்தவர்கள் நாம் என்பது அப்போது எமக்குத் தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுத்திருப்போமோ என்னவோ.

1692இல் அடிகளார் தலைநகர் கண்டிக்குச் சென்றார். சென்றதும் கிடைத்தது சிறை. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொல்லிவிட்டார். தப்பிப் போக முயலாதவரை காவலர் தொல்லை கொடுக்கவில்லை. சிறையில் இருந்தபடி சிங்களம் கற்றார். முதலில் ஒரு குடிசையை எழுப்பி அதையே கோயிலாக்கினார், பின்பு தேவமாதாவின் பெயரால் சிற்றாலயம் ஒன்று எழுந்தது. காவலில் இருந்த கத்தோலிக்கர் வந்து சேர்ந்தனர். கொங்கணி வீட்டில், போர்த்துக்கேயம் பள்ளியில், தமிழ் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும், இப்போது சிங்களம் சிறையில். நடுத்தர வயதில் அந்நிய நாட்டில் புதுமொழி படிக்க உட்கார்ந்த எம் தோழியர் இந்தப் பகுதியை முறுவலோடு வாசிப்பார்கள்.

பிறகுதான் மழை. கடும் வரட்சியின்போது மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரிடம் செபிக்கும்படி கேட்டதும், நகர முற்றத்தில் சிலுவை நாட்டி அவர் செபித்ததும், மழை கொட்டியதும், அவர் நின்ற இடம் மட்டும் நனையாமல் இருந்ததும் நாம் சிறுவயதிலேயே கேட்டவை. அதை மறுக்க நாம் வரவில்லை. அந்நிகழ்ச்சியால் மன்னனின் மனம் திறந்தது, பணி செய்யச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் எம் வகுப்புகளில் அது மட்டுமே கதையாகிவிட்டது. கேட்டவுடன் பெய்யும் மழைதான் செபம் என்று மனதில் பதிந்துவிட்டது. பின்பு தாய்க்குப் புற்றுநோய் வந்து, எத்தனை நவநாள் செய்தும் குணமாகாதபோது, எம்மில் சிலர் செபத்தையே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? மழைக்கு முன்னிருந்த சிறையை எவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. போதாக்குறைக்கு, நாம் உப்பு விளையும் ஊர்க்காரர். மழை எல்லாப் பாத்திக்கும் வரமல்ல என்பதை நாமாவது அறிந்திருக்க வேண்டும்.

மழையைவிடப் பெரிதாக எமக்குத் தோன்றுவது 1697இல் நடந்தது. அந்த ஆண்டு கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் மூவர் வந்திருந்தனர். கொச்சி மேற்றிராணியார் அடிகளாரை இலங்கையின் பொறுப்புக் குருவாக நியமித்த செய்தியும் வந்தது. பணியை ஒழுங்கு செய்யத் தொடங்குகையில் கண்டியில் அம்மை பரவியது. மன்னன் நகரை விட்டு அகன்றான். வசதியுள்ளோர் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான யோசப் கர்வாலியோ குருவும் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று தங்குமிடம் அமைத்தார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். இவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்டு உதவவில்லை. அங்கே கிடந்தவர்களில் மிகுதியானோர் பௌத்தர்கள். யாழ்ப்பாணத்தில் தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டுக் கிடந்தபோது ஒரு பெண்ணின் கையால் வாங்கிக் குடித்த கஞ்சியை, பத்து ஆண்டுகளுக்குப் பின் கண்டியில் முகம் தெரியாதவர்களுக்கு ஊட்டினார்.

எம் பழைய மாணவிகளில் தாதியர் பலர் உண்டு. கொவிட் காலத்தில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பாதுகாப்புக் கவசத்துக்குள் வியர்த்து நின்று, வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட அஞ்சியவர்கள் அவர்கள். அந்நாட்களில் கோயிலுக்குப் போக முடியவில்லை, செபமாலைகூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை என்று இன்றும் குறைப்படுகிறார்கள். அவர்கள் அந்த 1697ஆம் ஆண்டைத் திரும்பவும் வாசிக்கட்டும்.

அதன் பின் அடிகளாரின் பெயர் நாடெங்கும் பரவியது. மன்னனுக்காகப் போர்த்துக்கேய நூல்களைச் சிங்களத்தில் பெயர்த்தார். உயர்குடியினர் சிலர் மனந்திரும்பினர், அதனால் அவதூறும் கிளம்பியது. மேற்றிராணியார் பதவி அவரை நாடி வந்தபோது வேண்டாம் என்றார் என்று சரிதைகள் கூறும். 1705இல் புதிய குருக்கள் வந்ததும் நாட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒருவரிடம் கொடுத்தார். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது என்ற நிலையில், ஊர் ஊராக மூப்பரும் அண்ணாவியும் செபம் நடத்தி, பிள்ளைகளுக்குப் படிப்பித்து, மரண வீட்டில் முன்னின்றார்கள். இன்றும் எம் கரையோர ஊர்களில் மூப்பர், அண்ணாவி என்ற சொற்கள் வழங்குகின்றன. அவற்றின் வரலாறு எம் பிள்ளைகளுக்குத் தெரியாது. தாம் இல்லாமலும் நடக்கக்கூடிய திருச்சபையை விட்டுச் செல்வதே அவருடைய எண்ணமாக இருந்தது. தாம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று எண்ணும் நோய் பங்குச் சபைகளிலும் சங்கங்களிலும் உண்டு. எமது சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

1705இல் வந்தவர்களில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். குரு இல்லாத இடத்தில் புத்தகம் பேச வேண்டும் என்ற தேவையை உணர்ந்து, வாஸ் அடிகளார் இவரை எழுத்துப் பணிக்குத் தூண்டினார். சிங்களத்திலும் தமிழிலும் இவர் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் எம் ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் இவருடையதே. அம்மம்மாமார் கண்ணீர் வடித்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க, நாம் தூக்கக் கலக்கத்தில் அவர்கள் மடியில் சாய்ந்து கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1742 ஜூலை 17இல் கொன்சால்வெஸ் அடிகளார் இறந்தார். அவருடைய கல்லறை எம் புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில், போலவத்தையில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் தோழியர் விமான நிலையத்திலிருந்து புத்தளம் வீதியால் ஊருக்கு வரும்போது சற்று விலகிப் போனால் பார்க்கலாம். வாஸ் அடிகளாரின் மாணவரை அங்கே காணலாம். ஆசிரியருக்கு அப்படியொரு கல்லறை இல்லை.

1707இல் மன்னன் இறந்தான். அவன் மகன் நரேந்திரசிங்கன் அடிகளாரிடம் இன்னும் கூடிய மதிப்புக் காட்டினான். 1708இல் மேலும் குருக்கள் வந்தார்கள். தனியாளாகத் தொடங்கிய பணி தழைத்துவிட்டது. அடிகளாரின் உடலோ தளர்ந்துவிட்டது. ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1710இலும் பயணம் போனார், கொத்மலையில் விழுந்துவிட்டார், கண்டிக்குத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் மாறி மாறி வந்தது. கொஞ்சம் தேறியதும் அவர் செய்தது எம்மை வியக்க வைக்கிறது. சபையின் விதிப்படி ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய எட்டு நாள் தியானத்தைத் தொடங்கினார். 59 வயது, அதில் இருபத்து நான்கு ஆண்டுகள் சொந்த ஊரைக் காணாத வாழ்வு. நாடு முழுவதும் முனிவர் என்று கையெடுக்கும் நிலை. அப்படிப்பட்டவர் ஒரு புதுத் துறவியைப் போலத் தம் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். தாம் விளைந்து முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை.

சுற்றி நின்ற குருக்கள் கடைசியாக ஏதும் சொல்லும்படி கேட்டார்கள். வாழும் காலத்தில் பழகாத ஒன்றைச் சாகும் வேளையில் செய்வது எளிதல்ல என்ற கருத்தில் சில சொற்கள் சொன்னார். அதைக் கேட்டவர்கள் எழுதி வைத்தபடியால் கோவாவுக்கும் பின்பு உலகுக்கும் தெரிய வந்தது.

தியானத்தின் எட்டு நாட்களும் நிறைவடையவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி இரவு, கையில் எரியும் திரியோடு உயிர் பிரிந்தது. கண்டியில் அவர் கட்டிய ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் அந்த ஆலயம் அழிந்தது. அதோடு கல்லறை இருந்த இடமும் மறைந்துவிட்டது.